கிட்டலம்மா வீட்டுச் சர்க்கரைப் போசி

ஜூலை 22, செவ்வாய்

வெளிநாட்டுக்கு வந்த முதல் நாளே என் புது ஷூவை நானே தெருவில் தானம் செய்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் இந்த லைப்சிக் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். எனக்குப் பார்த்து வைத்திருந்த விடுதிக்கு மகள் சிந்துஜா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் மாடி ஏறினாள். நான் தெருக்கதவுக்கு வெளியே நடைபாதையில் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். சாக்ஸையும் சுருட்டி உள்ளே திணித்தேன். பிறத்தியார் வீட்டுக்குள் நுழையும்போது காலில் இருப்பதைக் கழற்ற வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த நாகரிகம். வீடு மூன்றாவது மாடியில்தான் ஆரம்பிக்கிறது என்பது தெரியவில்லை. வெறுங்காலோடு அறுபத்தெட்டுப் படி ஏறினேன். ஷூ எங்கே என்று மகள் கேட்டாள். வாசலில் என்றேன். அவள் மூன்றாம் மாடி வாசலை நினைத்துக்கொண்டாள்.

காலையில் போய்ப் பார்த்தால் கல்தரை மட்டும் இருந்தது. வேண்டாத சாமான்களைத் தெருக்கதவு ஓரம் வைப்பதும், வேண்டியவர்கள் எடுத்துப் போவதும் இந்த ஊர் வழக்கமாம். நாற்காலி, புத்தகம், பீங்கான் தட்டு என்று வழி நெடுக இருக்கிறது. எடுத்தவர், சாக்ஸையும் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரென்று யோசித்திருப்பார்.

விடுதிக்காரம்மாவின் பெயர் கிட்டல். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு ட்ராம் வண்டி ஓட்டியவராம். விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய்ச் செத்துப்போன கணவரின் பழுப்பு ஷூவை எடுத்து வந்தார். எனக்கு இரண்டு நம்பர் பெரிது. முன்பக்கம் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டேன். படிக்கத் தெரியாத பேப்பரும் ஒன்றுக்கு உதவியது.

ஊர் விவரம் எழுதிவிடுகிறேன். நான் நாச்சிமுத்து. காங்கேயம் ராசம்மாள் திருமண மண்டபத்தில் இருபத்தாறு வருஷமாக மேனேஜர். பத்தாவது பாஸ், பன்னிரண்டாவதில் கணக்கு என்னைத் தள்ளிவிட்டது. மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பந்திப் பாய் விரித்திருக்கிறதா, மாப்பிள்ளை அறையில் பக்கெட் இருக்கிறதா, வாடகைப் பாத்திரம் குறைகிறதா என்று பார்க்கிறவன். ஆடி மாதம் ஒரு கல்யாணமும் கிடையாது. அதனால்தான் முதலாளி பன்னிரண்டு நாள் விட்டார். மனைவி மயிலாத்தாளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. விமானத்தில் உட்கார முடியாது. ஆகவே மகள் வீட்டைப் பார்த்து வரும் பொறுப்பு, பார்க்கத் தெரியாத என் தலையில் விழுந்தது.

வீட்டைப் பார்க்க முடியவில்லை. சிந்துஜாவின் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து தரை முழுக்கப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்களாம். மாப்பிள்ளை சுதர்சன் ஆபீஸ் வேலையாக ஹாம்பர்க் போயிருக்கிறாராம். அதெல்லாம் சரியாகும் வரைக்கும் எனக்கு இந்த விடுதி. அவள் ஆபீசுக்கு இரண்டு ட்ராம் நிறுத்தம்தான். ஊரிலேயே இதற்குக் கீழே விலை கிடையாது என்றாள்.

ஜூலை 23, புதன்

விடுதி என்பது கிட்டலம்மாவின் வீடுதான். நான்கு அறை. ஒன்றில் அவர், மூன்றில் நாங்கள். இப்போதைக்கு நாங்கள் என்றால் நான் ஒருவன். குளியலறை பொது. உள்ளே போகிறவர் கதவில் மரத்தில் செய்த ஒரு மீனைத் தொங்கவிட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் இரண்டு தடவை மறந்துவிட்டேன். ஆளில்லாத குளியலறைக்கு வெளியே அந்த அம்மா துண்டோடு காத்திருந்ததைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

நடையில் ஒரு பிரம்புக் கூடை நிறைய வீட்டுச் செருப்பு. வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அளவான ஜோடி தேடக் கால்மணி நேரம் ஆயிற்று. சாயங்காலம் வந்த சிந்துஜா பேசிக்கொண்டே கூடைக்குள் கைவிட்டாள். பார்க்காமலே ஒரு ஊதா ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாமர்த்தியக்காரி. எல்லாம் அவள் அம்மா வளர்ப்பு.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, இயேசுநாதர் இல்லாத வெறும் ஆணி ஒன்று. தலையணை மட்டும் மண்டபத்து ஜமுக்காளம் அளவுக்குப் பெரிது. ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சமாக இருக்கிறது. தூங்குவதற்கு வெட்கமாக இருக்கிறது.

மயிலாத்தாள் போன். மாப்பிள்ளைக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையைக் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டாள். ஹாம்பர்க் போயிருக்கிறார் என்றேன். கெட்டுப்போகாது, ஒரு மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும், வந்ததும் கையில் கொடுங்கள் என்றாள்.

ஜூலை 24, வியாழன்

இங்கே காலையில் ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை. முட்டைக்குக் குல்லாய் போட்டு வைக்கிறார்கள். டீக்குச் சர்க்கரைக் கட்டி. அது இன்று தீர்ந்துபோயிற்று. காரணம் நான். ஒரு டீக்கு ஐந்து கட்டி போடுகிற ஆளை இந்த வீடு பார்த்ததில்லை.

கிட்டலம்மா ஸ்டூல் போட்டு மேலலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கி என் முன்னால் வைத்தார். உள்ளே தூள் சர்க்கரை. பாத்திரம், எவர்சில்வர் தூக்குப்போசி. நம் ஊரில் சோறு கொண்டு போவோமே, மூடியும் கைப்பிடியும் வைத்த அதே போசி. ஜெர்மன்காரர்களும் இப்படியொன்று செய்கிறார்களே என்று ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எந்தப் பாத்திரம் கைக்கு வந்தாலும் பேர் எங்கே வெட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். மண்டபத்தில் இரண்டு வீட்டுப் பாத்திரமும் வாடகைப் பாத்திரமும் கலந்துவிட்டால் பேரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மயிலாத்தாள் சீர்ப் பாத்திரத்தில் ஒரு கரண்டியைக்கூட விடவில்லை, கடைக்காரனை உட்காரவைத்து எல்லாவற்றிலும் பேர் வெட்டவைத்தாள்.

கைப்பிடிக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, நா. சிந்துஜா என்று இருந்தது.

மூன்று ஸ்பூன் போட்டுக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

மத்தியானம் மாப்பிள்ளைக்குக் கொண்டு வந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தை அப்படியே கிட்டலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த வெயிலில் கெட்டுப்போய்விடும்.

ஜூலை 25, வெள்ளி

ட்ராமில் எதிர்த்திசையில் ஏறி ஊர்க்கோடி வரைக்கும் போய் வந்தேன். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

ஜூலை 26, சனி

சிந்துஜாவுக்கு விடுமுறை. ஒரு ஏரிக்குக் கூட்டிப்போனாள். ஜனங்கள் புல்லில் படுத்து வெயில் காய்கிறார்கள். நம் ஊரில் நெல்லைத்தான் இப்படிக் காய வைப்போம் என்றேன். சிரித்தாள். முகம் வாடியிருக்கிறது. ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாராளமாக இருக்கிறது.

மாப்பிள்ளையைப் பற்றி அவளாகவே சொன்னாள். ஹாம்பர்க்கில் மழையாம். தங்கியிருக்கிற ஓட்டலில் சாப்பாடு பிடிக்கவில்லையாம். அவருக்குச் சளியாம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினவள் மாதிரி ஒன்று விடாமல் சொன்னாள். குழாய் வேலை முடிய இன்னும் இரண்டு வாரமாகும் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குழாய் வேலை என்றாலே அப்படித்தான், மண்டபத்தில் ஒருமுறை கைகழுவுகிற இடத்தில் தோண்டிப் போட்டு ஒன்றரை மாதம் அப்படியே கிடந்தது, ஒரு முகூர்த்தத்துக்குப் பந்தியில் அண்டா வைத்துக் கைகழுவ விட்டோம் என்று நான் நீளமாக ஒரு கதை விட்டேன். பாதி நிஜம். அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டாள். போனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். சின்னப் பிள்ளையில் பொம்மையைக்கூட அப்படிப் பிடித்தவள் அல்ல. நிச்சயதார்த்தத்தன்று பந்தி நடக்கும்போது

அதை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது. ஏரித் தண்ணீர் சுத்தமாக இருந்தது. வாத்துகள் நிறைய.

ஜூலை 27, ஞாயிறு

மயிலாத்தாள் மூன்று தடவை கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஹாம்பர்க்கிலிருந்து வந்துவிட்டார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தவறவில்லை. தினமும் அவள் கேட்கிறாளே என்று சொன்னேன். அப்படியானால் போனைக் கொடுங்கள் என்றாள். குளிக்கிறார் என்றேன். மத்தியானம் கூப்பிட்டபோதும் குளித்தார். சாயங்காலமும் குளித்தார்.

"ஏனுங்க, அந்த ஊர்ல அவ்வளவு புழுதியா?" என்றாள்.

அடுத்துக் குரலைத் தாழ்த்தி, புள்ள விசேஷம் ஏதாச்சும் சொன்னாளா, நீங்கள் கேட்டீர்களா என்றாள். மூன்று வருஷமாகிறது, ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள் என்றாள். ஆம்பளை நான் எப்படிக் கேட்பது என்று தப்பித்தேன்.

சிந்துஜாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு ஹாம்பர்க் கணக்கு, எனக்குக் குளியல் கணக்கு. இரண்டும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் 2 எனக்கு விமானம். அதற்குள் அவளாகவே சொன்னால் நல்லது. நானாகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாள். ஒரு தரம் இல்லை என்று சொன்னதை அவள் மாற்றிச் சொன்னதே கிடையாது. அதில் என்னைப் போல.

ஜூலை 28, திங்கள்

ஷூவுக்குள் பேப்பரை மாற்றினேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒரு வாரமாக ஒரே விரிப்பு, ஒரே உறை. அந்த அம்மா இந்த வயதில் எனக்காகத் துவைக்கப் போகிறார் என்பது மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை விரிப்பு, எத்தனை தலையணையுறை என்று எனக்குத் தெரியும். நாமே துவைத்துப் போட்டுவிடலாம் என்று காலையில் எழுந்ததும் மெத்தை விரிப்பு, போர்வை உறை, தலையணை உறை எல்லாவற்றையும் உருவினேன். நாலாக மடித்துக் கதவருகே அடுக்கினேன். அப்படியே அறையைக் கூட்டிவிடலாம் என்று பெட்டியை மூடி நடையில் கொண்டுபோய் வைத்தேன். கூட்டி முடித்தேன். சோப்புத்தூள் இல்லை. வாங்கி வரலாம் என்று வெளியே போனேன்.

சோப்புத்தூள் கடையில் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒரு டப்பாவில் குழந்தை சிரிக்கிறது, ஒன்றில் பூ, ஒன்றில் பாத்திரம். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பூவை எடுத்தேன். வழியில் ஒரு பூங்காவில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்த ஊர் விடுதிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. காலி செய்து போகிறவர்கள், போகிற அன்றைக்குப் படுக்கையை உருவி மடித்துக் கதவருகே வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் கிளம்புகிறேன் என்பதற்கு அடையாளம். தங்கியிருக்கிறவன் எவனும் உருவமாட்டான். இது எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் விருந்தாளி காலையில் எழுந்தால் தன் பாயைத் தானே சுருட்டி வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான்.

கிட்டலம்மா வந்து பார்த்திருக்கிறார். மொட்டை மெத்தை, மடித்த விரிப்பு, நடையில் பெட்டி, ஆளைக் காணோம். நேராகப் போனை எடுத்து சிந்துஜாவின் ஆபீசுக்குச் சொல்லிவிட்டார். உன் அப்பா கிளம்பிவிட்டார்.

நான் சோப்புத்தூளோடு அறுபத்தெட்டுப் படியும் ஏறி வந்தபோது சிந்துஜா அந்த மொட்டை மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் அட்டை கழுத்திலேயே தொங்கியது. காலில் செருப்பு மாற்றவில்லை. தெருவில் போட்டு வந்த ஷூவோடு உட்கார்ந்திருந்தாள்.

"கோவம்னா திட்டிருங்கப்பா. சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பாதீங்க."

நான் சோப்பு டப்பாவைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"யார் சொன்னாங்க? அவரு போன் பண்ணுனாரா உங்களுக்கு?"

"யாரும் பண்ணுல கண்ணு. நான்…"

"எட்டு மாசம் ஆச்சுப்பா. நான் அங்க இல்ல."

நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இறக்கி வைத்தால் சத்தம் வரும் போலிருந்தது.

அவள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சுதர்சன் அடித்ததில்லையாம். அதைத்தான் முதலில் சொன்னாள், எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கிக்கொள்வானாம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பானாம். யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய், இந்தப் பொம்மைப் படம் எதற்கு அனுப்பினாய். காலையில் வேலைக்குப் போகும்போது திருப்பிக் கொடுப்பானாம். எங்களோடு பேசுவதுகூட அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான். எங்களுக்கு அது பாசம் மாதிரி தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சேர்ந்து பேசுகிறார்கள் என்று மயிலாத்தாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன கார்த்திகையில் ஒரு காலை, போனை இனிமேல் தரமாட்டேன் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினானாம். இவள் சோற்றைப் போசியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆபீசில் கூட வேலை செய்கிற பெண் இந்த விடுதியைக் காட்டினாளாம். இரண்டு மாதம் இங்கேதான் இருந்திருக்கிறாள். எனக்குக் கொடுத்த இதே அறை. கிட்டலம்மா எதுவும் கேட்கவில்லையாம். ஊதாச் செருப்பை எடுத்துக் கொடுத்தாராம். தைமாதம் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இங்கிருந்து கிளம்பும்போது அந்த அம்மாவுக்குக் கொடுக்க அவளிடம் போசியைத் தவிர வேறொன்றும் இல்லை.

சுதர்சனும் அவன் வீட்டில் சொல்லவில்லையாம். விவாகரத்துக்கு, ஒரு வருஷம் பிரிந்திருந்தால்தான் இந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போக முடியுமாம். அதற்கப்புறம் எங்களிடம் சொல்லலாம் என்றிருந்தாளாம். நான் வருகிறேன் என்றதும் குழாயை உடைத்தாளாம்.

எல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு தகப்பன் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்.

"அன்னிக்குப் போசில என்ன சோறு?"

"புளிசாதம்."

"சாப்ட்டியா?"

"மத்தியானம் எறங்கல. இங்க வந்துதான் சாப்ட்டேன். இந்தக் கட்டல்ல உக்காந்து."

கிட்டலம்மா கதவருகே வந்து நின்றார். கையில் புது விரிப்பு. என் சோப்பு டப்பாவைப் பார்த்தார், மடித்த விரிப்பைப் பார்த்தார், விளங்கிவிட்டது. இந்த முறை சிரிக்கவில்லை. டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு சிந்துஜாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னங்கறாங்க?"

"தரை கழுவுற சோப்பாம்ப்பா இது."

ஜூலை 30, புதன்

மயிலாத்தாளிடம் யார் சொல்வது என்று காலையிலிருந்து பேச்சு. நான் சொல்கிறேன் என்றேன். நீங்கள் சொன்னால் முதலில் ஒரு கதை சொல்வீர்கள், அதற்குள் அம்மா பயந்துவிடுவாள் என்றாள் மகள். சரிதான். சாயங்காலம் சிந்துஜாவே அம்மாவைக் கூப்பிட்டாள். இங்கே ஐந்து மணி, அங்கே எட்டரை. கிட்டலம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து, போனை மேசையில் போசிக்குச் சாய்த்து வைத்துக்கொண்டோம்.

சுற்றி வளைக்காமல் நான்கே வார்த்தையில் சொல்லிவிட்டாள். நான் போனின் படத்தைப் பார்க்காமல் அந்தப் புள்ளி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் வந்தது. அவள் எழுந்து போய் நிறுத்தவில்லை.

"சீர்ச் சாமானெல்லாம் அங்கதான் கெடக்குதா?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா. ஒரு தூக்குப்போசி மட்டுந்தான் எடுத்தேன்."

"என்னென்ன இருக்குதுன்னு ஒரு சீட்டுல எழுதி அப்பாகிட்டக் குடுத்துவுடு. ஒரு கரண்டி அங்க இருக்கக் கூடாது."

முந்தானையைத் தேடுகிற மாதிரி படம் ஆடியது. எனக்குத் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். பெண் வீட்டார் கேட்கத் தயங்கித் தயங்கி வருஷக்கணக்காகும். இவள் குக்கர் நான்கு விசில் அடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

பிறகு, சாப்ட்டியா சாமி என்று கேட்டாள். பிறகு, என்னைக் கேட்டாள்.

"இத்தன வருசமா இத்தன கல்யாணத்தப் பாத்தவரு, இந்த ஒண்ணு உங்க கண்ணுக்குத் தெரியலயே."

"நான் சோத்துப் பந்தியத்தானே பாத்தேன்" என்றேன்.

"அதச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். குளியலைப் பற்றிக் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

சிந்துஜாவின் அறையைப் போய்ப் பார்த்தேன். சின்னதுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு செர்ரி மரம். கூட இருக்கிற பெண்களில் ஒருத்தி எனக்குக் கை கொடுத்தாள், ஒருத்தி வணக்கம் சொன்னாள். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கதவு தாழ்ப்பாள் லூசாக இருந்தது. முடுக்கிக் கொடுத்தேன். நான்கு பேருக்கும் சேர்த்துக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். மண்டபத்துக் கை, அளவு குறையாது. நாற்பது பேர் சாப்பிடலாம் போலிருந்தது.

சுவரில் அவள் போன் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. அவள் எடுக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அப்புறம் பேசிக்கலாம் என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை. இனிமேல் இந்த ஜன்மத்தில் கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெட்டி கட்டினேன். கிட்டலம்மா போசியிலிருந்த சர்க்கரையை ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றினார். போசியைக் கழுவித் துடைத்து என் முன்னால் நீட்டினார். இதுவும் உங்கள் வீட்டுச் சாமான்தானே என்கிறார் என்று புரிந்தது. மயிலாத்தாளின் கணக்குப்படி ஒரு கரண்டியும் பாக்கியிருக்கக் கூடாது.

வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஜாடியிலிருந்த சர்க்கரையைத் திரும்பவும் போசிக்குள் கொட்டினேன். மூடி போட்டு மேலலமாரியில் வைத்தேன். ஸ்டூல் ஆடியது. அந்த அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஊரில் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

பிறகு நான் அவருடைய கணவரின் ஷூவைக் கழற்றித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

இதை விமானத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறார்.

காலையில் படுக்கையை உருவி, மடித்துக் கதவருகே வைத்தேன். இந்த முறை சரியாக. கிட்டலம்மா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எள்ளுருண்டைப் பொட்டலத்தில் மிச்சம் இரண்டு இருந்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை எனக்குக் கொடுத்தார். சிந்துஜா அதைப் பார்த்தாள். பொட்டலத்தின் மேல் மயிலாத்தாளின் கையெழுத்தில், மாப்பிள்ளைக்கு என்று எழுதியிருந்தது.

ரயில் நிலையத்தில் வண்டிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தோம்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"எள்ளுருண்டையக் கிட்டலுக்கு எப்பக் குடுத்தீங்க?"

மாட்டிக்கொண்டேன். "வந்த நாலாம் நாளு" என்றேன். "சர்க்கரைப் போசியப் பாத்தன்னிக்கு. பேர் இருந்துதே கண்ணு."

"அப்ப ஏரிக்குப் போனன்னிக்கே தெரியும். நான் சொன்ன பொய்யெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"நான் சொன்ன அண்டாக் கதையும் நீ கேட்டியே."

சிரித்தாள். தாராளமில்லாத, அவளுடைய பழைய சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டாள். ஷூ கல்லில் டொக் டொக்கென்று சத்தம் போட, நான் ஏறினேன். கதவு மூடுகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போசியைப் பார்த்த அன்றுதான் தெரியும் என்று சொன்னேன். அது நிஜம்தான். ஆனால் அவள் கேட்டதற்கு அதுவல்ல பதில். அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தம் நம் மண்டபத்திலேயே நடந்தது. மூன்றாம் பந்தி. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கட்டுக்கட்டாக ஆபீஸ் அறையில் கிடந்தது. நான் வாளியோடு பாயசம் விசாரித்துக்கொண்டு வந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் சிந்துஜா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், சிநேகிதி யாரோ எதையோ அனுப்பியிருப்பாள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். கேட்காமலே அவள் கையிலிருந்து போனை எடுத்தார். மேலும் கீழும் தள்ளிப் படித்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சிந்துஜாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. யாராவது பார்த்தார்களா என்று மெல்லச் சுற்றிலும் பார்த்தாள்.

நான் சட்டென்று குனிந்து, வாளிக்குள் கரண்டியை விட்டுப் பாயசத்தைக் கலக்கினேன்.